வாய்தா

கிளுவை வேலியோரம் பிடித்த குட்டியை
காங்கேயத்தில், எண்ணெய்ச் செக்கு மாடியில்,
மீன்தொட்டிக்குள் வளர்த்தார் கிட்டுசாமி.

“அடிச்சுத் தின்னவனையெல்லாம் உட்டுப்போட்டு
முட்டை குடுத்தவனைப் புடிக்கறீங்களே?”
முதல் அட்டவணை என்றேன்.
கையெழுத்து வாங்கினேன்.

இப்போது உடும்பு
எங்கள் ரேஞ்சு ஆபீஸ் பின்கட்டில்,
வழக்கு எண் கட்டிய கூண்டுக்குள்.
தொட்டியைவிட ஒரு சாண் அகலம்.

மூன்றாம் வாய்தாவுக்கும் வக்கீல் வரவில்லை.
அவர் வந்தார்,
சட்டைப்பையில் இரண்டு காடை முட்டை.
“உடும்பு வேண்டாம், கையை உட்டாப் போதுமுங்க.
இதை மட்டும் அதுக்குப் போட்டுருங்க.”

வாங்கலாமா என்று
சட்டத்தில் தேடினேன்; இல்லை.
வாங்கினேன்.

ராத்திரி கூண்டு கழுவும்போது
கம்பியைப் பற்றிய நகங்களை
விரல்விரலாகப் பிரிக்கப் பார்த்தேன்.
விடவில்லை.
நானும் விட முடியாது,
உத்தரவு வரணும்.