நூற்று மூன்று

ஆடிக் காற்று ஷெட்டின் தகரத்தைத்
தட்டிக்கொண்டே இருந்தது.
காங்கேயம், கொப்பரைக் களத்து ஆபீஸ், இரவு ஒன்பது.
பழைய கம்ப்யூட்டர், நான்,
'ஆனி' என்று பெயர் வைத்த ஒரு ஃபைல்.

எடை போடும் ராக்கியண்ணனுக்குக்
கட்டம் போட்ட தாளே ஆகாது.
பேசுகிற மாதிரியே செல்போனில் தட்டி அனுப்புவார்:
"வண்டி 4217 வந்துதுங். மூட்டை 14. எடை 742.
டிரைவர் நெம்பர்" என்று பத்து இலக்கம்,
"டீக்காசு 60 நாந்தான் குடுத்தனுங்."
மாதம் முழுக்க இப்படி.
மொத்தம் எத்தனை கிலோ?
முதலாளிக்கு அது மட்டும் போதும்.

பைத்தான் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம்.
ஃபைலைத் திற. வரியை எடு. சொல் சொல்லாக உடை.
உடைக்கிற வேலைதானே, நம் களத்தில் இல்லாததா
என்று இறங்கிவிட்டேன்.

முதல் முறை 742-உம் 615-உம் கூடவில்லை.
742615 என்று
தோளோடு தோள் ஒட்டி நின்றன.
அவை எண்கள் இல்லையாம், எண்களின் எழுத்துகள்.
மேற்கோள் குறிக்குள் கிடக்கும்வரை
742-க்குக் கனமே கிடையாது.

எண்ணாக மாற்றிக் கொடுத்தேன்.
மொத்தம் பதினாறாயிரம் கோடி கிலோ.
டிரைவர்களின் செல்போன் நம்பரையெல்லாம்
கொப்பரையோடு போட்டு நிறுத்திருந்தது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மூன்று இலக்கம் இருந்தால் மட்டும் எடு என்றேன்.
வண்டி போனது. மூட்டை போனது. டீக்காசு போனது.
18,467.

முதலாளியின் நோட்டில் 18,364.

"நூத்தி மூணு கிலோ எங்க போச்சு?"
கேட்டுக்கொண்டே அவர் பார்த்த பக்கம்
லோடு ஏற்றுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒருவர் கை பாதியில் நின்றது.

இரண்டு நாள்.
சாக்கை எண்ணினோம், தராசைக் கழுவினோம்,
வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டோம்.
மூன்றாம் இரவுதான்
எண்ணோடு அதன் வரியையும் சேர்த்து அச்சிடத் தோன்றியது.
எடை, எடை, எடை என்று ஓடி வந்து
நடுவில்:

"இன்னைக்கு நாச்சாள் வேலைக்கு வரலீங்.
பையனுக்கு 103 காச்சல்."

ஒரு குழந்தையின் சூட்டை
இரண்டு நாளாக
லாரிகளில் தேடியிருக்கிறோம்.

அந்த வரியை அழித்திருக்கலாம். கை போகவில்லை.
'எடை' என்ற சொல்லுக்கு அடுத்து வருவதை மட்டும் எடு
என்று நிபந்தனையைத் திருத்தினேன்.
18,364.
முதலாளி தலையாட்டினார்.
லோடுக்காரர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

காலையில் நாச்சாள்
முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு
களத்தில் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
பையன் எப்படி என்றேன்.
"எப்பக் கேக்கறீங்? அது எறங்கி மாசமாகுதுங்களே,
இஸ்கோலுக்குப் போயிட்டானுங்."
குச்சியை நிறுத்தாமல்,
"அன்னிக்குக் கூலிதானுங் வரல" என்றாள்.

கூலி ஃபைல் வேறு. அதை நான் இன்னும் திறந்ததில்லை.

மதியம் ராக்கியண்ணன் அனுப்பியது:
"காத்து ஜாஸ்திங். தகரம் ரெண்டு பறந்து போச்சு."

ரெண்டு. எழுத்தில் எழுதியிருக்கிறார்.
என் நிரல் அதைத் தாண்டிப் போய்விடும்,
தலைக்கு மேல் வெயில் விழுந்துகொண்டிருக்கும்.