மூன்று விலைமனு

கச்சேரியில் எனக்கு விநியோகப் பிரிவு.
ஒரு கதிரை வாங்கினாலும் மூன்று விலைமனு,
தும்புத்தடிக்கும் மூன்று.
குறைந்த விலையைத் தள்ளி வைத்தால்
ஏனென்று குறிப்பெழுத வேண்டும்.
பதினொரு வருடம் அரசாங்கக் காசில் பழகிய கை
சீட்டு எடுத்த கையோடு
எனக்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்ட் தேடிப் புறப்பட்டது.

இதுவரை போர்ட்டோடு வந்ததைத்தான் வைத்து விளையாடினேன்.
என் காட்டில் மரத்துக்கு இலையில்லை.
புல்லை முழுவதும் அணைத்து வைத்தால்தான்
குதிரை நடக்கும்.

முதலாவது, என்.சி. வீதிக் கடை.
கண்ணாடிக்குள் திருவிழா லைட் போல மினுங்கியது.
"மகனுக்கா மிஸ்?"
"எனக்கு."
அதன் பிறகு பெடியன் மெதுவாகப் பேசினான்,
காது கேளாத ஆளுக்குச் சொல்வதுபோல.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
மூன்று விசிறி. தொண்ணூறு பிரேம்.
என் மொனிட்டர் அறுபதுக்கு மேல் காட்டாது.
மிச்ச முப்பதும் எங்கே போய் விழும்
என்று கேட்டேன்.
"எதிர்காலத்துக்கு மிஸ்" என்றான்.

இரண்டாவது, அதே அலுமாரியின் கீழ்த்தட்டு.
முப்பத்தெட்டாயிரம், நாலு ஜிபி, இருபத்தெட்டு பிரேம்.
மலிவுதான்.
படம் தவளை மாதிரிப் பாயும்.

மூன்றாவதுக்குக் கிண்ணியா பஸ் எடுத்தேன்.
பாலத்தில் காற்று, மடியில் டோர்ச்,
ஒரு ஸ்குரூ டிரைவர்,
கேஸிங்கின் உள்நீளம் அளந்து முடிச்சுப் போட்ட
தையல் நாடா.
நஸ்மீரின் ஸ்டூடியோவில்
கார்ட் துணியில் சுற்றிக் கிடந்தது.
"மைனிங்குக்கு ஒரு நாளும் போடல்ல அக்கா,
கலியாணம்தான் ஓடினது."
மூதூரிலிருந்து குச்சவெளி வரைக்கும்
மாலை மாற்றியது, மோதிரம் போட்டது,
ட்ரோனில் எடுத்த கடற்கரை,
மெதுவாகத் திரும்பும் மணப்பெண்களின் கழுத்து,
எல்லாம் இதற்குள்ளால் வந்தவையாம்.
அதில் எத்தனை இன்றைக்கும் சேர்ந்து ஓடுகிறதோ,
கார்ட் ஓடியது.
இருபது நிமிடம் முழு வேகத்தில் விட்டேன்.
எழுபத்தெட்டுப் பாகை. ஒரு பிளேன்டி.
டோர்ச் அடித்து ஆணித் தலைகளைப் பார்த்தேன்:
எங்கள் ஊர் உப்புக்காற்று
முதலில் தின்பது அதைத்தான்.
ஒன்றில் மட்டும் செம்மண் நிறப் பொட்டு.
அதைக் காட்டி நாலாயிரம் குறைத்தேன்.

அறுபத்தோராயிரத்தை அறுபத்துநாலால் பிரித்தால்
பிரேம் ஒன்றுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று.
கடையில் இருந்த இரண்டும் ஆயிரத்து முந்நூறு தாண்டும்.
நானூற்றைம்பது வாட் பவர் சப்ளை தாங்கும்.
நாடாவின் முடிச்சுக்கு இரண்டு விரல் உள்ளே நின்றது.

"பெட்டியும் இருக்கக்கா, ரெண்டாயிரம் குடுங்க.
விக்கப் போற நேரம் விலை நிக்கும்."
பிரேமுக்கு முப்பத்தொரு ரூபாய் ஏறியது.
வாங்கினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் எழுதினேன்:
குறைந்த விலை நிராகரிக்கப்பட்டது.
காரணம்: புல்.

டைக் வீதியில் அன்றிரவு எல்லாரும் படுத்த பின்
கார்ட்டைப் பொருத்தினேன்.
பெட்டி பூஞ்சண மணம்,
காயட்டுமென்று மதிலோரம் வைத்துவிட்டேன்.
முதலில் மழை வந்தது,
கோடாக இல்லாமல் துளியாக.
பிறகு புல்.
குதிரையின் முழங்கால் வரைக்கும், அசைந்தபடி,
ஒவ்வொரு நுனிக்கும் தனித் தனி நிழலுடன்.
நான் குதிரையை ஓட்டவில்லை. நின்றேன்.
புல்லை விலக்கிக்கொண்டு ஒரு மான் வந்தது.
அறுபத்துநாலு ஐம்பத்தொன்றாக இறங்கியது.
நிழலை ஒரு படி குறைத்தேன், மான் நிதானமானது.

வெளியே கரகரவென்று சத்தம்.
மதிலடியில் புள்ளிமான்,
கோட்டைப் பக்கமிருந்து குப்பை தேடி வருகிற கூட்டத்தில் ஒன்று.
வாயில் என் ரெண்டாயிரம் ரூபாய்.
எட்டு ஜிபி என்று அச்சடித்த மூலையை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.
"அடே" என்றேன்.
காதை மட்டும் திருப்பியது.

உள்ளே வந்தேன்.
இனி விற்கிற எண்ணமில்லை என்று
எங்கேயும் குறிப்பெழுதவில்லை.
குறைத்த நிழலை மட்டும்
மறுபடி ஒரு படி ஏற்றினேன்.