ஏழாவது பலகையின் அடிப்பக்கம்

முதலாவது பலகையே இல்லை.
டனீடின் மருத்துவமனை உணவகத்தின்
ஆரஞ்சு நிறத் தட்டு.
மாவுக்கட்டு அறையில் இரவுப் பணி முடித்த மர்டோ
கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தான்.
ஓரத்தில் தக்காளி சாஸ் காய்ந்திருந்தது.
செயின்ட் கிளேரின் பத்து டிகிரித் தண்ணீரில்
அதைப் பிடித்தபடி அலைக்கு முன்னால் பாய்ந்தான்.
மூன்று நொடி
நெஞ்சு தண்ணீரை விட்டு மேலேறியது.
பிறகு தட்டு திரும்பி மூக்கில் அறைந்தது.
ரத்தத்தோடு சிரித்தபடி கரையேறினான்.
அன்றுதான் நான்
அளவு குறிக்க ஒரு பென்சில் வாங்கினேன்.

இரண்டாவது, அலமாரிக் கதவின் ஒட்டுப்பலகை.
நாற்சதுரம்.
மூலைகள் அலையைக் கடித்தன,
அலை திருப்பிக் கடித்தது.

மூன்றாவதில் மூலைகளை மழித்தோம்.
பெரிதானால் நன்றாய்த் தூக்கும் என்று
முழங்கை வரை நீட்டினோம்.
அது என்னைக் கேட்காமல் வலப்பக்கம் போனது.
நான் இடப்பக்கம்.
மணிக்கட்டு நடுவில்.
ஆறு வாரம் பள்ளிப் பேருந்து ஓட்டவில்லை.
கட்டுப் போட்டவன் மர்டோதான்;
"தயாரிப்பாளர் உத்தரவாதம், ஃபெனெல்லா" என்றான்.

நான்காவது அந்த மாவுக்கட்டிலிருந்து வந்தது.
அறுத்துப் பிரித்த ஓட்டை அவன் குப்பையில் போடவில்லை.
உள்ளே, நான் கழற்றிவிட்ட என் கை:
நடுவில் குழிந்து, பெருவிரல் பக்கம் மேடேறி.
கை எங்கேயாவது தட்டையாய் இருக்கிறதா, பார் என்றான்.
பவுலோனியா மரத்தில் அதே குழிவை இழைத்தான்,
மேலே அரை விரற்கடை, அடியில் கால்.
முன்முனையைக் கொஞ்சம் தூக்கினான்,
நாய் மோப்பம் பிடிக்கையில் தூக்குமே, அவ்வளவு.
பட்டைக்குப் பழைய காரின் இருக்கை வார்.
நனைந்ததும் அது இறுகிக்கொண்டது.
கழற்ற முடியாமல் பலகையோடே வீடு திரும்பினேன்,
ஒவ்வொரு கியரையும் மரத்தால் தட்டித் தட்டி.

ஐந்தாவதில் சைக்கிள் டியூப்.
ஐந்தாவதைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை,
கடலிடம் இருக்கிறது.

ஆறாவது அழகாக அமைந்துவிட்டது.
ரிமு மரத்தில் இரண்டு கோடு பதித்து, ஏழு பூச்சு எண்ணெய்.
கீறல் விழுமென்று யாரும் அதை நனைக்கவில்லை.
வைமாரி வீடு மாறியபோது பரிசாய்க் கொடுத்தோம்.
அவள் அதைக் கவிழ்த்துப் போட்டு
சீஸ் நறுக்கினாள்,
இரண்டு வருடம், வெள்ளிக்கிழமைதோறும்.
பட்டை எதற்கு என்று கேட்டவர்களிடம்
ஆணியில் மாட்ட என்றாளாம்.

ஒரு மார்ச் மாலை, அரமோனா.
தோளுயர அலை, தரையிலிருந்து வீசும் காற்று,
எங்கள் பலகைகளோ வீட்டில்.
வைமாரியின் கூடையைத் துழாவினேன்.
ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுக்
கத்தி கீறிய பக்கத்தைத் தண்ணீருக்குக் காட்டினேன்.
வழக்கமாய்க் கை வழுக்கும் அந்தச் செங்குத்தில்
அது வழுக்கவில்லை.
நான் என்றுமே போகாத ஓர் உயரத்தைப் பற்றிக்கொண்டு
கரைவரை கொண்டுவந்து விட்டது.
மணலில் கிடந்த கடற்சிங்கம் தலை தூக்கிப் பார்த்து
மறுபடி படுத்துக்கொண்டது.

மர்டோ அந்தக் கீறல்களை
விளக்கு வைத்து எண்ணினான்.
ஏழாவதின் அடியில்
நேர்நேராய், சம இடைவெளியில்
பதினொரு வாய்க்கால் செதுக்கினான்.
குளியலறைச் சோப்பு மாதிரி நழுவியது.
ஆழத்தைக் குறைத்தான். நழுவியது.
சாய்த்துப் பார்த்தான்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் இழைத்து வழித்துவிட்டு
ஏழாவதை வைமாரி வீட்டுக்கே எடுத்துப் போனோம்,
கூடவே ஒரு கத்தியும்.
எப்போது திருப்பித் தர வேண்டும் என்றாள்.
குளிர்காலம் முடியட்டும் என்றான் மர்டோ,
அவசரமாய் நறுக்கு, யோசிக்காதே.
அடிப்பக்க மூலையில் நான்
பென்சிலால் சின்னதாய் எழுதினேன்:
கெட்டிச் சீஸ் மட்டும்.