தண்ணீர் காட்டியவன்

ஒன்பதாயிரம் லிட்டர் என்று
லாரியின் விலாவில் எழுதியிருக்கும்.
எல் டிம்து போய்ச் சேரும்போது
எட்டாயிரத்து இருநூறு.
கேட்டால், வால்வு ஒழுகுகிறது என்பேன்.
பாதி உண்மை.

ஒழுகத்தான் செய்தது.
மார்சபிட் மலை இறங்கி
சால்பியின் உப்புத் தரை தொடும்வரை
மண்ணில் சொட்டுச் சொட்டாய் ஒரு கோடு.
அதை முதலில் படித்தவை தேனீக்கள்.
எங்கிருந்து வந்தனவோ,
பின்சக்கரத்தோடு பறந்து வந்து
வால்வின் உதட்டில் அமரும்.

மீதிப் பாதி
ஹோட்டல் ஒன்றின் பின்கதவில்,
இருட்டில், இரண்டு பீப்பாய்.
மகளின் பள்ளிக் கட்டணம் என்று
எனக்கு நானே ரசீது எழுதிக்கொண்டேன்.

மூன்று வருடமாக மழை இல்லை அங்கே.
ஒட்டகங்களின் திமில்
காலிப் பையாய் ஒருபக்கம் சரிந்துவிட்டது.
எத்தனை ஆடு மிச்சம் என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
லாரிச் சத்தம் கேட்டதும்
மஞ்சள் கேன்கள் வரிசைக்கு வரும்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணிநாடா,
இன்னார் வீட்டது என்று சொல்ல.

கணக்கு கபாலேயுடையது.
தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்து
ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் கீறுவாள்.
என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.
பழைய கீறல்கள் எல்லாம்
அந்தக் குச்சியிலேயே இருந்தன.

ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினால்
அது குடிக்கிறது.
ஆளுக்குத் தண்ணீர் காட்டினால்
அவர் ஏமாந்தார் என்று பொருள்.
வாரம் இருமுறை
நான் இரண்டையும் செய்தேன்.

பிறகு துளைபோடும் இயந்திரம் வந்தது.
முதல் துளையில் உப்பு.
இரண்டாவதில் ஃப்ளோரைடு.
பொறியாளர் எலேமா சிரித்துக் காட்டினார்,
பல்லெல்லாம் பழுப்புக் கறை:
"இதைக் குடித்து வளர்ந்தவன்தான் நானும்.
மூடுங்கள்."
மூன்றாவதில் வெறும் காற்று.
நூற்று நாற்பது மீட்டர் ஆழத்துக்குக் காற்று.

அன்று மாலை நான் சந்தோஷப்பட்டேன்.
எழுதிவிட்டேன், இனி அழிப்பதாக இல்லை.
மூன்றாவது துளை வறண்டபோது
பிழைப்பு பிழைத்தது என்று
சந்தோஷப்பட்டேன்.

நான்காவது,
இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில்
சாம்பல் துப்பியது, சேறு துப்பியது,
அப்புறம் நீர்.
ஒருவரும் கூச்சலிடவில்லை.
மூன்று முறை சூடுகண்ட ஊர்
வாயை மூடிக்கொண்டு நின்றது.

ஆய்வுக்கூடத்துக் காகிதம் வரப் பதினேழு நாள்.
அதுவரை தண்ணீர் காலடியில்,
பூட்டுக்குக் கீழே.
அந்தப் பதினேழு நாளும் நான்தான் ஓட்டினேன்.
வால்வுக்குப் புது ரப்பர் போட்டேன்.
ஹோட்டல்காரன் போனை எடுக்கவில்லை.

பாதி வழியில் தேனீக்கள் வந்தன,
காய்ந்த வால்வைச் சுற்றிச் சுற்றித்
தேடின.
லாரியை நிறுத்தினேன்.
மூடியில் ஊற்றி வைத்துவிட்டு
நோட்டில் எழுதினேன்:
ஒன்பதாயிரம், ஒரு குவளை குறைய.

கபாலே குச்சியை எடுத்தாள்.
நுனிவரை ஈரம். கீற இடமில்லை.
"வால்வு சரியாகிவிட்டதா?"
ஆயிற்று என்றேன்.
"மூன்று வருடத்தில்" என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.

சூரியத் தகடுகள் வெயிலைக் குடிக்கத் தொடங்கிய அன்று
குழாய் திறந்தது.
முதல் மிடறு குடித்த தாராரே
முகம் சுளித்தாள்:
"இதில் ஒன்றுமே இல்லையே!"
டீசல் இல்லை. துரு இல்லை.
மாத்திரையின் வீச்சம் இல்லை.
இத்தனை நாள்
என் லாரியைத்தான் குடித்திருக்கிறார்கள்.

நானும் வரிசையில் நின்றேன்,
நாடா கட்டாத ஒரு கேனோடு.
என் முறை வந்தது.
கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக்
கபாலே கேட்டாள்,
"இது யாருடையது?"

சிந்திய ஈரத்தில் ஏற்கெனவே
நாலைந்து தேனீக்கள்.

நான் பதில் சொல்வதற்குள்
கேன் நிரம்பிவிட்டது.