இரண்டு தோணியில் கால்

தேனோ ஆறு உறைந்து கிடக்கிறது.
இக்கரை பின்லாந்து, அக்கரை நார்வே.
கைபேசிக்கு எல்லைக்கல் தெரியாது.
எந்தக் கோபுரம் உரக்கக் கூப்பிடுகிறதோ
அந்த நாட்டுக்குப் போய்விடும்.

உச்சிவேளையிலும் விடியாத மாதம்.
ஆம்புலன்ஸின் பின்பக்கம்
ஆக்சிஜன் உருளைக்கும் போர்வை மூட்டைக்கும் நடுவே
மடிக்கணினியோடு நான்.
வெறும் வெள்ளோட்டம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
உட்ஸ்யோக்கி தாண்டுமுன்னே அழைப்பு வந்தது.
இப்போது கட்டிலில் நீலாஸ்,
கலைமான் மேய்ப்பவர், அறுபத்தொரு வயது,
நெஞ்சிலும் கைகாலிலும் பத்து ஒயர்.
அவர் இடுப்புக் கத்தியைக் கழற்றி
என் மடியில் போட்டுவிட்டாள் செவிலி மாரெத்.

அவருடைய பச்சைக் கோட்டை
நானூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ரோவனியெமியில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கோடு அறுந்தால் அவளுக்கு அவர் இல்லை.

கூரையடியில் என் பெட்டி. மூன்று வாசல்:
பின்லாந்து சிம் ஒன்று, நார்வே சிம் ஒன்று,
போதாக்குறைக்கு வானத்தில் ஒரு செயற்கைக்கோள்.
வாசலுக்கு ஒரு முகவரி.
முகவரி மாறினால் ஆளே மாறிவிட்டார் என்று நினைக்கும்
பழைய இணையம்.
பாதிப் பேச்சில் வாயடைத்து
"நீங்கள் யார்?" என்று முதலிலிருந்து தொடங்கும்.
அதனால் பெயரைத் தனியே பிரித்து வைத்தோம்,
இந்தப் பக்கத்து மான்களின் காது வெட்டு போல.
எந்த மேய்ச்சலில் நின்றாலும் காது கூடவே வரும்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
என் பிழைப்பே அதுதான்.
முதல் தோணி விலகுமுன் அடுத்ததில் பாதம் ஊன்றி
ஒரு நொடிக்கும் குறைவாக
இரண்டிலும் நின்று
எடையை மெல்ல மாற்ற வேண்டும்.

காரிகஸ்னியெமிக்கு முந்தைய வளைவில்
மலை குறுக்கே வந்தது.
பின்லாந்து மூன்று கோடு, இரண்டு, ஒன்று.
நார்வே "வா" என்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.
ஒரு துடிப்பும் சிந்தவில்லை.

கையை உயர்த்திக் கத்தினேன், ஓட்டுநர் ரௌனோ திட்டினான்.
அதற்குள் ரோவனியெமியிலிருந்து குரல்:
"இங்கே மணி மூன்று பத்து.
நீ அனுப்புவதில் இரண்டு பத்து என்றிருக்கிறதே,
பழைய இதயத்தையா திரும்ப ஓட்டுகிறாய்?"

பெயரை யோசித்தோம், பாதையை யோசித்தோம்,
ஒட்டுக்கேட்பவனைக்கூட யோசித்தோம்.
கடிகாரத்தை மறந்துவிட்டோம்.
அக்கரையில் ஒரு மணி நேரம் பின்.
புதுக் கோபுரம் சொன்ன நேரத்தை
அப்படியே நம்பிவிட்டது பெட்டி.

மாரெத் கணினியைப் பிடித்துக்கொள்ள
குலுங்கும் வண்டியில் நான்கு வரி எழுதினேன்,
மூன்று பிழையோடு. பிறகு பிழையில்லாமல்.
அவர் தூங்கிவிடக் கூடாதே என்று இடையில் கேட்டேன்:
"உங்களிடம் எத்தனை மான்?"
முகமூடிக்குள்ளிருந்து வந்தது பதில்:
"உன் வங்கிக் கணக்கில் எவ்வளவு?"
மாரெத் சிரித்துவிட்டாள்.
இந்த ஊரில் கேட்கக்கூடாத கேள்வியாம் அது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது
கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
அதன்பின் கதவு மூடியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதிவேட்டில் அந்தப் பதினொரு நிமிடம் அப்படியே இருக்கிறது.
இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தொன்று வரை
நீலாஸின் இதயம் இரண்டு முறை துடித்திருக்கிறது.
அறிக்கையில் அதைக் குறை என்று எழுதினேன்.
திருத்தச் சொல்லி இதுவரை இரண்டு கடிதம்.
நாளைக்குப் பார்க்கலாம்.