காபன் தாள்

ஆஸ்பத்திரி வீதியில்,
அப்புக்காத்து நடேசலிங்கத்தின் கந்தோரில்
எனக்கு ஒரு கதிரை, ஒரு றெமிங்டன்.
அதில் புள்ளி விழாது.
மெய்யெழுத்தெல்லாம் வாய் திறந்தபடி வரும்;
பிறகு நான் பேனையால்
ஒவ்வொன்றாய் மூடுவேன்.

கொழும்பில் புதுக் குடியரசுக்கு யாப்பு எழுதினார்கள்.
நாங்கள் திருத்தம் எழுதினோம்.
மூன்று மாதம், பதினொரு பேர்.
'வேண்டும்' என்பதா 'வேண்டுகிறோம்' என்பதா என்று
ஒரு பின்னேரம் முழுக்க;
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
மொழிக்கு மூன்று பிரதி. மதத்துக்கு மூன்று பிரதி.
பழைய இருபத்தொன்பதாம் பிரிவைக்
கைவிட வேண்டாம் என்பதற்கும் மூன்று.

மார்க்கண்டு கைதடியாலை சைக்கிளில் வருவார்.
பன்னிரண்டாவது ஆள். கதிரை காணாது,
கதவு நிலையில் சாய்ந்து நிற்பார்.
"ஐயா, நீங்கள் கொழும்பிட்டைக் கேக்கிற சமத்துவம்
எங்கட பக்கத்துக் கிணத்துக்கும் வருமோ?"

ஆரோ செருமினார்கள்.
அப்புக்காத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"நியாயந்தான். அடியுங்கோ பிள்ளை."

புதுக் காபன் வைத்து அடித்தேன்.
பதினேழாம் பந்தி:
கோயில், கிணறு, தேநீர்க்கடை
எதற்கும் வெளியே எவரையும் நிறுத்தல் ஆகாது.
அன்றைக்குப் புள்ளிகளை
மிகக் கவனமாய் வைத்தேன்.

தபாலுக்கு முதல்நாள்
அந்தத் தாளை மட்டும் திரும்ப அடிக்கச் சொன்னார்கள்.
"இப்ப ஒற்றுமைதான் முக்கியம்."
பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வந்தால்
ஆரும் கேட்பார்கள் என்று
இலக்கங்களையும் மாற்றினேன்.
மார்க்கண்டுவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நானும்தான்.

கொழும்பிலிருந்து ஒரு வரி வந்தது:
கிடைக்கப்பெற்றோம்.

மே இருபத்திரண்டு.
கடையெல்லாம் பூட்டு.
கறுப்புத் துணி ஒரு முழமும் மிச்சமில்லை.
கந்தோர்ப் பெடியன் என் லாச்சியைத் திறந்து
பழைய காபன் தாள்களை அள்ளிப்போய்ப்
படலை நீளத்துக்குக் குத்தினான்.

சோளகம் அடித்தது.
வெயில் பின்னால் வந்ததும்
கறுப்புக்குள்ளே எழுத்துத் தெரிந்தது:
மொழியின் மேல் மதம், மதத்தின் மேல் முகவரி,
ஒன்றும் வாசிக்க ஏலாது,
ஒரே தரம் பாவித்த அந்த ஒன்றைத் தவிர.

மார்க்கண்டு சைக்கிளை நிறுத்தினார்.
ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி வாசித்தார்,
புள்ளியே இல்லாத அந்தப் பந்தியை,
எழுத்தெழுத்தாய்.

அவர் முடிக்கும்வரை
ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்,
பேனையின் மூடியைத் திறந்து,
மூடி,
திறந்து.