இரண்டாவது கட்டம்

லியெபாயா டிராம் பணிமனையில்
இருபத்தாறு வருடம் பழுதேடு எழுதியவள் நான்.
முதல் கட்டத்தில்: என்ன ஆயிற்று.
அடுத்ததில்: எதனால்.

‘வண்டி நின்றுவிட்டது’ என்று
இரண்டிலும் எழுதிவந்த ஓட்டுநர்களை
நான் விட்டதே இல்லை.
இமாந்த்ஸையும். கல்யாணத்துக்குப் பிறகும்.

டாக்டரின் தாளில்
டிமென்ஷியா என்றிருந்தது.
“இது முதல் கட்டம்தானே?” என்றேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஆமாம். காரணம் பல இருக்கலாம்:
மூளையில் அடைபட்ட சிறு ரத்தக்குழாய்,
தைராய்டு, ஏதோ ஒரு வைட்டமின்.
சில, சரிசெய்யக்கூடியவை.

பனியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
தண்டவாளத்தில் வெறும் உறைபனி;
உப்புத் தூவினால் கிளம்பிவிடும்.

மூன்று வாரம் ரத்தம், ஸ்கேன், கேள்விகள்.
கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கம் ஏற்றினார்,
கோடைக்காலப் பயணிகள்
கடல் தெரியும் ஜன்னலில் நெருக்குவதுபோல்.

வியாழக்கிழமை சொன்னார்கள்: அல்சைமர்.
மேலே ஓடும் கம்பியிலேயே கோளாறு,
தெருத் தெருவாக அணைந்துகொண்டு வருகிறது.
கட்டம் நிரம்பிவிட்டது.
கேட்டுக் கேட்டு வாங்கிய சொல்லை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கைப்பையைத் திறந்து மூடினேன்.

டிராமில்தான் திரும்பினோம்.
ஒரு நிறுத்தத்தில் கதவு மூடாமல் அப்படியே நின்றது.
இமாந்த்ஸ் என் பக்கம் குனிந்து,
அந்நியரிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்:

“பயப்படாதீங்கம்மா.
எதனாலன்னு கேட்டு எழுத
டிப்போவில் ஒருத்தி இருக்கா.
ரொம்பக் கறார்.”